பாலை வண்டிக்கு ஏற்றிவிட்டுப் பிளேன்டி குடிக்கிறோம்

 

டிசம்பர் விடுமுறை தொடங்கிவிட்டது. ஹட்டனில் காலை ஏழு மணிக்கும் எதிர்வீட்டுக் கூரை தெரியவில்லை. நுவரெலியாப் பக்கம் புல்லில் உறைபனி விழும் நாட்கள் இனித்தான் வரப்போகின்றன. நல்லதண்ணி போகும் பஸ்களில் சிவனொளிபாதமலைக்குப் போகிறவர்களின் கூட்டம் ஏறத் தொடங்கிவிட்டது. எங்கள் வீட்டுப் பிள்ளைகள் போர்வையை விட்டு வெளியே வர மறுக்கிறார்கள். வந்தாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: "உம்மா, இன்னைக்குச் சொக்லட் பால் இருக்கா?"

இந்தப் பதிவு அந்தச் சொக்லட் பாலைப் பற்றித்தான். செய்முறையும் கீழே இருக்கிறது. அதற்கு முன் ஒரு விஷயம் சொல்லவேண்டும். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வருடம் மூன்றாம் தவணை முடிகிற கிழமை. சுற்றாடல் பாடத்தில் உணவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். காலையில் என்ன குடித்துவிட்டு வந்தீர்கள் என்று பிள்ளைகளிடம் கேட்டோம். ஏறக்குறைய எல்லாருக்கும் ஒரே பதில்: "பிளேன்டி டீச்சர்." ஒரு மகளின் வீட்டில் இரண்டு பசு நிற்பது எங்களுக்குத் தெரியும். அவளுடைய அப்பா விடியற்காலையில் பால் கேனோடு ரோட்டோரம் நிற்பதைப் பல தடவை கண்டிருக்கிறோம். அவளும் பிளேன்டி என்றுதான் சொன்னாள். "ஏன் மகள், வீட்டுல பால் இருக்குமே?" என்றோம்.

"பால் வண்டிக்குப் போயிரும் டீச்சர்."

அவள் குறையாகச் சொல்லவில்லை. சூரியன் கிழக்கே உதிக்கும் என்பதுபோல் சொன்னாள். மற்றப் பிள்ளைகளுக்கும் அதில் ஆச்சரியம் இல்லை. ஆனால் எங்களுக்கு அன்றைக்கு மிச்சப் பாடம் ஓடவில்லை.

பிறகு விசாரித்துப் பார்த்தோம். அந்த வீட்டில் இரண்டு நேரமும் கறக்கிற பால் முழுதும் சேகரிப்பு நிலையத்துக்குப் போகிறது. மாதக் கடைசியில் அந்தக் காசு வந்ததும் கடையில் பால்மா பக்கெட் வாங்குகிறார்கள். அதுவும் கைக்குழந்தைக்கும் விருந்தாளிக்கும்தான். அந்த வீடு மட்டும் இல்லை. அந்த லயத்தில் மாடு வளர்க்கும் வீடுகளில் பாதிக்கு மேல் அப்படித்தான்.

அந்த வீட்டுக்காரரைக் குறைசொல்ல எங்களுக்கு வாய் இல்லை. ஏனென்றால் மாதச் சம்பளம் வாங்கும் எங்கள் வீட்டிலும் அதே பால்மாதான் இருந்தது. பால் வண்டி தினமும் எங்கள் வாசலைத் தாண்டித்தான் போனது. ஒரு நாளும் மறித்து ஒரு போத்தல் கேட்டதில்லை.

யோசித்துப் பார்த்தால் இது மலையகத்தின் பழைய பழக்கம். நல்லதை அனுப்பிவிட்டு மிச்சத்தை வைத்துக்கொள்வது. தேயிலையில் நமக்கு அது தெரியும். 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை நட்ட நாளில் இருந்து இன்றுவரை இந்த மண்ணின் நல்ல கொழுந்தெல்லாம் கப்பலுக்குத்தான். கொழுந்தெடுத்த கைக்குக் கிடைத்தது தூள். அந்தத் தூளைக் கொதிக்கவைத்து, சீனி அள்ளிப்போட்டு, வயிற்றை நிரப்பக் குடித்தோம். பசியை மறைக்கத் தேத்தண்ணி குடித்தே ஒரு தலைமுறை வளர்ந்தது. அன்றைக்கு வேறு வழியிருக்கவில்லை. இப்போது பாலிலும் அதையே செய்துகொண்டிருக்கிறோம்.

2016ஆம் ஆண்டு எடுத்த நாடளாவிய மக்கள்தொகை, சுகாதார ஆய்வைப் பாருங்கள். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுவதிலும் 17 சதவீதம். தோட்டப்புறத்தில் ஏறக்குறைய 32 சதவீதம், அதாவது மூன்றில் ஒரு பிள்ளை. வகுப்பில் முன்வரிசையில் இருத்தும்போதே எங்களுக்கு அது தெரியும். ஒரு கப் பால் இதைத் தீர்த்துவிடும் என்று நாங்கள் சொல்லவில்லை. தாயின் சத்துணவு, குடிதண்ணீர், மலசலகூடம், சம்பளம் என்று அதற்கு நிறையக் காரணங்கள் உண்டு. ஆனால் மாட்டுப் பட்டி வாசலில் இருக்கும்போதும் பிள்ளை வெறுந்தேத்தண்ணி குடிப்பதற்குச் சமாதானம் சொல்வது கஷ்டம்.

சரி, இதில் சொக்லட் எங்கே வந்தது?

எங்கள் வீட்டு மாமி மாத்தளைக்காரர். அவருடைய தோட்டத்தில் மிளகுக்கும் பாக்குக்கும் நடுவே நாலைந்து கொக்கோ மரம் நிற்கிறது. கொப்பில் இல்லாமல் மரத்தின் தண்டிலேயே காய் தொங்குவதைக் கண்டு எங்கள் பிள்ளைகள் முதல்தரம் வாய்பிளந்து நின்றார்கள். காயை வெட்டினால் உள்ளே வெள்ளைச் சதை, புளிப்பும் இனிப்புமாக. அதைச் சப்பிவிட்டு விதையைத் துப்புவதுதான் அங்குள்ள பிள்ளைகளின் வேலை. அந்த விதையில்தான் விஷயம் இருக்கிறது. சதையோடு சேர்த்து மூடி ஐந்தாறு நாள் புளிக்கவைத்து, வெயிலில் காயவைத்து, பிறகு வறுத்தால்தான் சொக்லட் வாசம் வரும். புளிக்கவைக்காத விதையை வறுத்தால் கசப்பு மட்டும்தான்.

கொக்கோவும் நமக்கு அந்நியம் இல்லை. 1869இல் கோப்பி இலையில் நோய் விழுந்து தோட்டங்கள் அழியத் தொடங்கியபோது துரைமார் சிங்கோனா, கொக்கோ, தேயிலை என்று ஒவ்வொன்றாக நட்டுப் பார்த்தார்கள். குளிர்ந்த உயர்மலையில் தேயிலை நிலைத்தது. கொக்கோ குளிர் தாங்காது. அது மாத்தளை, தும்பறை, கண்டிப் பக்கத்துச் சூடான மண்ணில் நிலைத்தது. மன்னாரில் இறங்கிக் காடுவழியே நடந்துவந்த நம்முடைய சனம் மலையேறுவதற்கு முன் வந்துசேர்ந்த ஊரும் மாத்தளைதான். அதை நினைவுகூர்ந்துதான் 2023இல் மலையகத்தின் இருநூறு வருடத்தை முன்னிட்டு தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை நடந்தார்கள். கொக்கோ அந்தப் பாதையில் நிற்கும் மரம்.

ஆனால் சொக்லட் என்றால் நமக்கு நினைவுக்கு வருவது சுவிட்சர்லாந்து. உலகத்துக் கொக்கோவில் பாதிக்கு மேல் விளைவது மேற்கு ஆபிரிக்காவில், ஐவரி கோஸ்டிலும் கானாவிலும். பெயர் வாங்குவது வேறு நாடுகள். தேயிலைக் கதையேதான். நுவரெலியா ஹோட்டல்களில் வெள்ளைக் கப்பில், நுரை போட்டு, சுற்றுலா வருகிறவர்களுக்கு ஹொட் சொக்லட் கொடுக்கிறார்கள். கொடுக்கட்டும். அந்தப் பானத்துக்குத் தேவையான பால் நம்முடைய லயத்தில் கறக்கிறது. கொக்கோ மாத்தளையில் காய்க்கிறது. கறுவாவும் ஏலமும் நம் நாட்டுச் சரக்கு. பிறகு ஏன் நம் பிள்ளைக்கு அது கடைக் கண்ணாடிக்கு அந்தப்பக்கம் இருக்கும் சாமானாகத் தெரியவேண்டும்?

"சொக்லட் பால்தானே, பக்கெட் இருக்கே டீச்சர்" என்று சிலர் சொல்வீர்கள். அடுத்த தடவை அந்தப் பக்கெட்டின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். அதில் எது நிறையில் அதிகமோ அதை முதலில் எழுதுவார்கள். சுடுதண்ணீரில் கலக்கும் சிறு பக்கெட்டுகள் பலவற்றில் முதலில் நிற்பது சீனி. கொக்கோ கீழே எங்கேயோ இருக்கும். அதைச் சுடுதண்ணீரில் கலக்கிக் கொடுத்தால் பிள்ளைக்குக் கிடைப்பது கறுப்பு நிறத்தில் சீனித்தண்ணி. பிளேன்டிக்கும் அதற்கும் வித்தியாசம் விலை மட்டும்தான்.

இனி எங்கள் வீட்டுச் செய்முறை. ஐந்து கப்புக்கான அளவு இது.

பசும்பால் ஒரு போத்தல், அதாவது 750 மில்லிலீற்றர். சீனி சேர்க்காத கொக்கோத் தூள், மேசைக்கரண்டியால் குவித்து நாலு. சீனி, தட்டையாக நாலு மேசைக்கரண்டி. கித்துள் கருப்பட்டி இருந்தால் இன்னும் நல்லது. உப்பு ஒரு சிட்டிகை. விரல் நீளத்தில் ஒரு கறுவாத் துண்டு. கோர்ன் ஃப்ளவர் ஒரு தேக்கரண்டி. கறுப்புச் சொக்லட் இரண்டு துண்டு கிடைத்தால் போடுங்கள், இல்லையென்றாலும் பரவாயில்லை. நூறு கிராம் கொக்கோத் தூள் பக்கெட் ஒன்றில் இப்படி மூன்று தரம் செய்யலாம். பதினைந்து கப்.

முதலில் பாலை வடித்துத் தனியாக நன்றாகப் பொங்கக் காய்ச்சி இறக்குங்கள். கறந்த பாலைக் காய்ச்சாமல் எதற்கும் பாவிக்கக்கூடாது. ஏடு படிந்தால் எடுத்து எறியவேண்டாம், பிறகு தேவைப்படும்.

வேறொரு சட்டியில் கொக்கோ, சீனி, உப்பு மூன்றையும் உலர்ந்தபடியே கலவுங்கள். இதுதான் முக்கியம். கொக்கோவை நேரே பாலில் கொட்டினால் கட்டி கட்டியாக மிதக்கும், எவ்வளவு கலக்கினாலும் கரையாது. அந்தத் தூளில் கொழுப்பு இருப்பதால் தண்ணீர் அதற்குள் லேசில் இறங்காது. சீனியோடு கலந்தால் தூள் பிரிந்து நிற்கும். அதில் சுடுதண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, தோசைமாப் பதத்துக்குக் குழையுங்கள். மொத்தம் ஒரு கப் தண்ணீர் போதும். கறுவாவைப் போட்டு மெல்லிய நெருப்பில் இரண்டு நிமிடம் கிண்டுங்கள். பச்சை வாசம் போய் வீடெல்லாம் மணக்கும்.

இப்போது பாலை ஊற்றுங்கள். கோர்ன் ஃப்ளவரை ஆறிய பால் கொஞ்சத்தில் கரைத்து அதையும் விடுங்கள். அடிப்பிடிக்காமல் கிண்டிக்கொண்டே இருங்கள். கொழும்பில் ஐந்து நிமிடத்தில் தடிப்பது நுவரெலியாவில் ஏழெட்டு நிமிடம் எடுக்கும். ஏறக்குறைய 1,870 மீற்றர் உயரத்தில் தண்ணீர் 100 பாகையில் இல்லை, 94 பாகை அளவிலேயே கொதித்துவிடும். அதனால் இங்கே எதையும் கொஞ்சம் கூடுதல் நேரம் வைக்கவேண்டும். பெரிய பிள்ளைகள் இருந்தால் கூப்பிட்டுக் காட்டுங்கள், விஞ்ஞான பாடம் அடுப்படியிலேயே முடிந்துவிடும்.

கரண்டியின் பின்பக்கத்தில் ஒட்டிப்பிடிக்கும் பதம் வந்ததும் நெருப்பை அணைத்து, சொக்லட் துண்டையும் ஏட்டையும் போட்டு மத்தால் கடையுங்கள். மத்து இல்லையென்றால் இரண்டு கோப்பைகளில் தேத்தண்ணி ஆத்துவதுபோல் உயர்த்தி ஆத்துங்கள். ஹோட்டல் நுரையை விட நல்ல நுரை வரும். மேலே மிதக்கவிடும் மார்ஷ்மெலோவை நாங்கள் போடுவதில்லை. அதிலுள்ள ஜெலட்டின் எதிலிருந்து எடுத்தது என்று தேடிக்கொண்டிருக்க வேண்டாமே.

பசும்பால்தான் வேண்டும் என்று பிடிவாதமாகச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. 1828இல் நெதர்லாந்தில் வான் ஹூட்டன் என்பவர் கொக்கோ விதையிலிருந்து கொழுப்பைப் பிழிந்தெடுக்கும் முறைக்கு உரிமம் வாங்கினார். பிழிந்தபிறகு மிஞ்சும் கட்டியை அரைத்ததுதான் நாம் வாங்கும் கொக்கோத் தூள். அதில் பெரும்பகுதிக் கொழுப்பு ஏற்கனவே போய்விட்டது. அதைத் திருப்பிக் கொடுப்பது பாலின் கொழுப்பு. தண்ணீரில் கரைத்தால் மெலிந்த, கசந்த தண்ணிதான் வரும். கறந்த பாலில் செய்தால் தடிப்பாக, வழவழப்பாக இறங்கும்.

சில எச்சரிக்கைகளும் சொல்லவேண்டும். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கு இது வேண்டாம். நீரிழிவு உள்ள பெரியவர்களுக்குச் சீனி இல்லாமல் கொடுங்கள். தேத்தண்ணியைப் போலவே கொக்கோவும் சாப்பாட்டிலுள்ள இரும்புச்சத்து உடம்பில் சேர்வதைக் குறைக்கும். ஆகையால் சோற்றோடு வேண்டாம், இரண்டு சாப்பாட்டுக்கு நடுவில் கொடுங்கள். தினமும் தேவையில்லை. விடுமுறையில் கிழமைக்கு இரண்டு நாள் போதும்.

போன விடுமுறையில் நாங்கள் அந்த மகளின் வீட்டிலிருந்து ஒருநாள்விட்டு ஒருநாள் ஒரு போத்தல் பால் வாங்கத் தொடங்கினோம். பிள்ளைதான் கொண்டுவருவாள். முதல்நாள் அவளை இருத்தி ஒரு கப் கொடுத்தோம். குடித்துமுடித்து, கப்பின் அடியைப் பார்த்துவிட்டு, "இது எங்க வீட்டுப் பாலா டீச்சர்?" என்று கேட்டாள்.

பிறகு நாங்கள் அவளுடைய அம்மாவிடம் போனோம். ஒரு போத்தலை வீட்டுக்கு நிறுத்துங்கள், பிள்ளைகளுக்குக் கொடுங்கள் என்று, ஆசிரியர்கள் வழக்கமாகச் சொல்வதுபோல் சொன்னோம். கொழுந்துக்கூடையை இறக்கிவைத்துவிட்டு அவர் நிதானமாகப் பதில் சொன்னார். "ஒரு நாளைக்கு ஒரு போத்தல்னா மாசத்துக்கு முப்பது போத்தல் டீச்சர். அந்தக் காசு இல்லாட்டி மாசக் கடைசில கடைக்காரருக்கு என்னத்தக் குடுக்கிறது? மாட்டுக்குப் புண்ணாக்கு வாங்கணும். பிள்ளைக்குக் கொப்பி வாங்கணும். எங்களுக்குப் பால் குடிக்கத் தெரியாமலா இருக்கோம்?"

எங்களிடம் பதில் இருக்கவில்லை. நாட்சம்பளம் ஆயிரம் ரூபாயாக வந்ததே 2021இல்தான். 2024 செப்டெம்பரில் அது 1,350 ஆனது. அதுவும் சொன்ன கிலோவுக்குக் கொழுந்து எடுத்தால்தான், குறைந்தால் அரைப்பேர். அந்த வீட்டில் பால் என்பது குடிக்கிற சாமான் இல்லை, கடன் கட்டுகிற காசு. அவரிடம் போய் நாங்கள் சத்துணவுப் பாடம் நடத்தியது பிழை.

ஆகவே இந்தப் பதிவு அவருக்கு இல்லை. மாதச் சம்பளமோ கடை வருமானமோ உள்ள நமக்குத்தான். ஆசிரியர்கள், கடைக்காரர்கள், அலுவலகத்தில் வேலை செய்கிறவர்கள், கொழும்பிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் விடுமுறைக்கு ஊருக்கு வருகிறவர்கள். நாம் கேட்பது ஒன்றுதான். இந்த விடுமுறையில் பால்மா பக்கெட்டை ஒருபக்கம் வையுங்கள். பக்கத்தில் மாடு வளர்க்கும் வீட்டிலிருந்து நேராகப் பால் வாங்குங்கள். சேகரிப்பு நிலையம் கொடுக்கும் விலைக்குக் கேட்காதீர்கள். கடையில் பால் விற்கும் விலையைக் கொடுங்கள். அந்த இரண்டு விலைக்கும் நடுவிலுள்ள காசு கையில் நின்றால்தான் அவர்களுக்கும் ஒரு போத்தலை வீட்டில் நிறுத்திக்கொள்ள முடியும். நாங்கள் அப்படித்தான் கொடுத்தோம். இரண்டாவது கிழமையிலிருந்து அந்த வீட்டில் ஞாயிற்றுக்கிழமை ஒரு போத்தல் நின்றது. வெற்றி என்று சொல்லமாட்டோம், கிழமைக்கு ஒரு போத்தல்தான். ஆனால் நின்றது.

"கூரை ஒழுகுது, லயம் இடியப்போகுது, இந்த நேரத்தில் சொக்லட் பால் தேவையா?" என்று கேட்பவர்களும் இருப்பீர்கள். நியாயமான கேள்வி. காணிக்கும் வீட்டுக்கும் சம்பளத்துக்கும் குரல் கொடுக்கும் வேலை அப்படியே இருக்கிறது, அதை யாரும் நிறுத்தவேண்டாம். ஆனால் எல்லாம் கிடைத்தபிறகுதான் பிள்ளை நல்லதைக் குடிக்கவேண்டும் என்றால், அதற்குள் அந்தப் பிள்ளை வளர்ந்துவிடும். 2022 நமக்குச் சொல்லித்தந்ததையும் மறக்கவேண்டாம். அந்த மார்ச் மாதம் 400 கிராம் இறக்குமதிப் பால்மா 790 ரூபாய்க்குப் போனது. அந்த விலை கொடுத்தும் கிடைக்காமல் கடை வாசலில் வரிசையில் நின்றோம். அப்போதும் லயத்தில் மாடு கறந்துகொண்டுதான் இருந்தது.

இன்னொன்று. டிசம்பரில் அயல்வீட்டிலிருந்து நமக்குக் கேக் வருகிறது. தீபாவளிக்கு முறுக்கும் அதிரசமும் வருகிறது. பெருநாளைக்கு நம் வீட்டு வட்டிலப்பம் போகிறது. இடையில் வந்த கெட்ட வருடங்களில் சில வாசல்களில் அந்தப் போக்குவரவு குறைந்துபோனது நம் எல்லாருக்கும் தெரியும். கறி சமைத்தால் தண்ணீரைக் கொஞ்சம் கூட்டியாவது அயல்வீட்டுக்குக் கொடு என்று சொன்ன மார்க்கம் நம்முடையது. இந்தக் குளிரில் ஒரு சட்டி சொக்லட் பால் காய்ச்சினால் இரண்டு கப்பை மதிலுக்கு அந்தப்பக்கம் கொடுங்கள். பாலில் மட்டும் தண்ணீரைக் கூட்டிவிடாதீர்கள்.

நாளை ஞாயிற்றுக்கிழமை. அந்த மகள் எங்களுக்குப் பால் கொண்டுவர மாட்டாள். அன்றைக்குக் கறக்கும் பாலில் ஒரு போத்தல் அவர்களுடையது. கொக்கோத் தூளில் பாதியை நேற்றே ஒரு போத்தலில் போட்டுக் கொடுத்தனுப்பிவிட்டோம், அளவையும் அவளுடைய கொப்பியிலேயே எழுதிக்கொண்டு போயிருக்கிறாள். உங்கள் பக்கத்தில் எந்த வீட்டில் மாடு நிற்கிறது என்று நாளைக் காலை கொஞ்சம் விசாரித்துப் பாருங்கள்.